கறுப்புப் பொத்தான்

என் பெயரும் கதவு எண்ணும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. நானும் என் கணவரும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் கணவர் லிப்ட் மெக்கானிக். குடியிருப்பில் எல்லோரும் என்னை ‘அரை டாக்டர்’ என்று கூப்பிடுவார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், ஆனால் தலைவலி என்றால் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கும் அதில் பெருமைதான், மறைக்க விரும்பவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்து மிச்சமாகும் மாத்திரைகளை நான் வீசுவதில்லை. அட்டையைத் தையல் கத்தரியால் ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கி, பொத்தான் வைக்கும் கட்டம் கட்டமான டப்பாவில் போட்டு வைப்பேன். நறுக்கும்போது பெயர் உள்ள ஓரம் போய்விடும். அதனால் அடையாளத்துக்குக் கட்டத்துக்கு ஒரு பொத்தான் போட்டிருந்தேன். சிவப்பு காய்ச்சலுக்கு, நீலம் வயிற்றுக்கு, வெள்ளை சளிக்கு. எட்டு மாதங்களுக்கு முன் என் மாமியார் காலமானார். அவருடைய சர்க்கரை மாத்திரைகளைத் தூக்கிப்போட மனம் வராமல் அதே டப்பாவில் வைத்தேன். யாரும் தொடக்கூடாது என்பதற்காக அதில் கறுப்புப் பொத்தான் போட்டேன்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் கோட்டுக்கு ஒரு பொத்தான் குறைந்தது. அவர் வாசலிலேயே நின்று பறந்ததால், அந்தக் கறுப்புப் பொத்தானை எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். வேறொன்று போட வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு என் கணவர் மூக்கடைப்பாக இருக்கிறது, உடம்பும் சுடுகிறது என்றார். “டாக்டர்கிட்ட காட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டார். “தும்முறதுக்கெல்லாம் டாக்டரா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன். “சரி தாயே, குடு” என்று சிரித்தார். நான் மெஷினை விட்டு எழுந்திருக்காமல், கையை மட்டும் நீட்டி டப்பாவிலிருந்து இரண்டு சின்ன வெள்ளை மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தேன். சளி மாத்திரையும் சின்ன வெள்ளைதான், அடுத்த கட்டம். கறுப்புப் பொத்தான் இருந்திருந்தால் என் கை நின்றிருக்கும். வாய் கசக்கிறது என்று அவர் சாப்பிடாமலேயே வேலைக்குக் கிளம்பினார்.

அதன் பிறகு பதினொரு மணிக்கு அவருடன் வேலை செய்யும் வெல்டர் போன் செய்தார். “அண்ணி, அண்ணனுக்கு சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருச்சு. கை நடுங்குது, பேச்சு குழறுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்றார். “வேர்த்தா நல்லதுதான் தம்பி, காய்ச்சல் இறங்குது. அது மாத்திரை அசதி. தூங்கட்டும், எழுப்பாதீங்க” என்றேன். அவர் என் பேச்சை நம்பி, கருவிகள் வைக்கும் அறையில் அட்டை விரித்துப் படுக்க வைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இரண்டு மணிக்கு அந்த வெல்டரே மறுபடி கூப்பிட்டு, “அண்ணி, உலுக்கி உலுக்கிப் பாத்துட்டோம், எழுந்திருக்க மாட்டேங்கறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்” என்றார். அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டார். “சின்ன வெள்ளை” என்றேன். “பேரு சொல்லுங்கம்மா” என்றார். பெயரை நான்தான் நறுக்கிக் குப்பையில் போட்டிருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. “என் மாமியாருக்கு இருந்துச்சு சார், அவங்க மாத்திரையைத்தான் குடுத்துட்டேன்” என்றேன். “வேர்த்தப்பவே சர்க்கரைத் தண்ணி குடுத்து இங்க தூக்கிட்டு வந்திருக்கணும்” என்று டாக்டர் சொன்னார்.

இந்த நேரம் வரை என் கணவர் கண் திறக்கவில்லை. டப்பாவைப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை அதிகாரி படித்துக் காட்டினார். ‘எழுப்பாதீங்க’ என்ற இடத்தில் நிறுத்தி, “இது இருக்கணுமாம்மா? நல்லா யோசிச்சுக்குங்க” என்றார். “இருக்கட்டும் சார், நான் சொன்னதுதானே” என்றேன். கூட்டாமல் குறைக்காமல் நான் கூறிய இவை அனைத்தும் உண்மை.

ஒப்பம்