டீச்சர் திருப்பிய கை

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் என் கணக்கு டீச்சர் அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைவிடப் பரீட்சைக்கு அதிகம் பயப்படும் தாய்மார்களே! நாளை கணக்குத் தேர்வெழுதப்போகும் கண்மணிகளே! ஆம்புலன்ஸ் ஓட்டும் அடியேனின் அன்பு வணக்கம்!

அசமன்பாடு எதற்கு என்று கேட்கிறீர்கள். "குறைந்தது இவ்வளவு, கூடிப்போனால் இவ்வளவு" என்று கோடு போடும் கணக்கு சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன்! கேட்டுக்கொண்டே மூன்று முறை தோற்றேன்! யாரப்பா அங்கே கைதட்டுவது? தோற்றதற்கா? இரு, கதையைக் கேள்!

வகுப்பில் நான் தவறும்போதெல்லாம் டீச்சர் விரித்த உள்ளங்கையைப் புறங்கையாகத் திருப்பிக் காட்டுவார். "மைனஸால வகுத்தா குறி திரும்பும்டா, மரமண்டை!" எனக்குத் திரும்பவே இல்லை.

போன வருடம், ஒரு மதியம். மூச்சுத் திணறிய ஒருவரைப் பெரிய மருத்துவமனைக்கு ஏற்றினேன். யாரை? இதோ, தலைமை நாற்காலியில் சிரிக்கிறாரே, இவரைத்தான்! வண்டியில் இருந்ததோ ஒரே ஒரு சிலிண்டர்.

நர்ஸ் பதறினார். "அண்ணே, அறுநூறு லிட்டர் இருக்கு. நிமிஷத்துக்கு அஞ்சு போகுது. அங்க சேர்றப்ப நூறாவது மிச்சம் இருக்கணும். எந்த ரோடு?"

பள்ளமும் மேடுமான பழைய சாலை தொண்ணூறு நிமிடம். வழுவழுவென்ற புதிய சாலை நூற்றிருபது. டீச்சர் உடம்பு குலுங்கக் கூடாதே! போகும் நிமிடத்தை எக்ஸ் என்று வைத்து டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதினேன். அறுநூறு கழித்தல் ஐந்து எக்ஸ், நூறுக்குக் குறையக் கூடாது. அறுநூறை அந்தப் பக்கம் அனுப்பினேன். மைனஸ் ஐந்தால் வகுத்தேன்.

"எக்ஸ் நூறு, இல்ல அதுக்கு மேல! சிஸ்டர், புது ரோடே சரி!" என்று சாவியைத் திருப்பினேன்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை எழுந்தது. முகத்தில் மாஸ்க். பேச மூச்சில்லை. விரித்த உள்ளங்கை மெல்ல, மெல்லப் புறங்கையாகத் திரும்பியது!

அட மடையா! நேரம் ஏற ஏற ஆக்ஸிஜன் ஏறுமா, இறங்குமா? இறங்கும்! அதனால்தானே குறி திரும்புகிறது! நூறுக்கு மேல் அல்ல, நூறுக்குள்! புதிய சாலையில் போயிருந்தால் நூற்றிருபதாவது நிமிடம் சிலிண்டர் சுத்தமாகக் காலி!

பழைய சாலையில் பறந்தேன். தொண்ணூற்றிரண்டு நிமிடம். மீதி நூற்று நாற்பது லிட்டர். மூன்று நாள் கழித்துப் பார்க்கப் போனால், டீச்சர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இப்பவாவது புரிஞ்சுதாடா?"

புரிந்தது டீச்சர்! கண்மணிகளே, நாளை மைனஸால் வகுக்கும்போது இந்தக் கையை நினையுங்கள். எங்கே, எல்லோரும் ஒருமுறை திருப்புங்கள் பார்க்கலாம்! அடடா, தாய்மார்களுமா! திரும்பிய கைகள் அத்தனைக்கும் நன்றி, வணக்கம்!

ஐயோ டீச்சர், நீங்க எதுக்குக் கையைத் தூக்கறீங்க? கீழ போடுங்க. இனிமே நாங்க பாத்துக்கறோம்.