நூற்றுப்பதினான்காம் எண் கட்டில்

பழைய மரச்சாமானுக்கு ஈரம்தான் எதிரி என்பார்கள், ஐயா. என்னைக் கேட்டால் மனிதர்களின் முதுகுதான். ஒரே நாற்காலியில் தினமும் ஒருவர் சாய்ந்தால் பத்தே வருடத்தில் மெருகு போய்விடும்.

இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டு அருங்காட்சியகத்துக்கு நான்தான் காப்பாளர். சேர்ந்தபோது கூரை ஒழுகியது. கூடத்தில் புறா முட்டையிட்டிருந்தது. வட்டாரம் முழுக்க அலைந்து, கையைக் காலைப் பிடித்து, மற்றவர்கள் பரணில் கிடந்த தறி, துடுப்பு, பள்ளிக்கூட மணி என்று சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியது இந்தக் கைதான். “அந்த வீட்டையே நீங்க கட்டிக்கிட்டிருக்கலாம்” என்பாள் என் மனைவி. பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார். கணவர் இறந்ததும் கீழ்த்தளத்தை எங்களுக்கு விட்டவர் அவர்தான். தமக்குப் பிறகு முழு வீடும் எங்களுக்கே என்று உயிலும் எழுதியிருந்தார். நல்ல மனுஷி, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் மதியம் சாப்பிட்டதும் இறங்கி வந்து, தடுப்புக் கயிற்றைத் தாண்டி, நூற்றுப்பதினான்காம் எண் கட்டிலில் படுத்துவிடுவார். அவருடைய கல்யாணக் கட்டிலாம். காதுக் கருவியைக் கழற்றிப் பக்கத்து மேசையில் வைப்பார். அந்த மேசைக்கும் எண் உண்டு.

போன மாதம், மகளோடு போய் இருக்கப்போகிறேன், வீட்டை விற்கிறேன் என்றார். வாங்குகிறவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் காலில் விழுந்து அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தை மாதிரி அழுதேன்.

“மியூசியம் மியூசியம்னு சொல்றியேப்பா. எனக்கு இது வீடு. முழங்கால் போச்சு, படி ஏற முடியல. நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

திங்கட்கிழமை பத்திரப் பதிவு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அந்தக் கட்டில் இருக்கும் அறைக்குப் பூச்சிமருந்துப் புகை போடும் நாள். வருடா வருடம் போடுவதுதான். கதவைப் பூட்டி, இடுக்கெல்லாம் நாடா ஒட்டிவிட்டால் மூன்று நாள் திறக்கக் கூடாது. அவரிடம் மட்டும் சனிக்கிழமை என்று சொல்லியிருந்தேன்.

பூட்டுமுன் உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். நானே எழுதி வைத்த விதி. கூப்பிட்டேன். வயதானவர் அசந்து தூங்குகிறாரே என்று மெதுவாகத்தான் கூப்பிட்டேன்.

ஆமாம், அவர் கட்டிலில் இருந்ததைப் பார்த்தேன். கருவி மேசையில் இருந்ததையும் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார். “தம்பி, கதவத் தெறப்பா” என்றார். இரண்டாவது தடவை குரல் இருமலில் போய்விட்டது. நான் அங்கேயேதான் நின்றேன், சாவியும் கையில்தான் இருந்தது. கொலை என்று நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். பாதியில் திறந்தால் பூச்சி சாகாது, ஐயா. அதனால்தான் திறக்கவில்லை.