போடக்கூடாத பாட்டுகள்

எங்கள் மலையில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. துணி காயாது, உப்பு காயாது, சுவர் காயாது. கோகிலன் அண்ணன் தன் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தபோது அதன் இடுக்கில்கூடப் பூஞ்சை இருந்தது.

"குமுதா, இது டொக் டொக்னு சத்தம் போடுது. செத்துரும்போல இருக்கு. இருவது வருஷப் பாட்டு உள்ள இருக்கு லா. நீதான் படிச்ச புள்ள, எப்படியாச்சும் காப்பாத்திக் குடு."

நான் படித்தது உயிர்வேதியியல். எஸ்டேட்டில் அதற்கும் கணினிக்கும் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. மறுத்துப் பேசவும் எனக்கு வராது. நீங்கள் தமிழில் கேட்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன், சார்.

அண்ணன் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நாலு வீடு தள்ளி இருப்பவர். தானா ராத்தாவிலிருந்து கோலா தெர்லா வரை, கல்யாணமோ பிறந்தநாளோ கோயில் விருந்தோ, தமிழர் வீட்டு விசேஷம் என்றால் அவர்தான் டிஜே. டிஸ்க்கில் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பாட்டு இருந்தது. முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வைத்தேன். இன்னொரு பிரதியில் வேலையை ஆரம்பித்தேன். ஒரே பாட்டு ஆறு பெயரில் இருந்தது. 'டிராக் 01' என்ற பெயரில் மட்டும் நானூறு இருந்தன. மூன்று வாரத்தில் எல்லாவற்றுக்கும் பெயர், ஆண்டு, தாள வேகம் கொடுத்துவிட்டேன். எனக்குப் பிடித்த வேலை.

ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. 'ஆட்டம்', 'மாப்பிள்ளை உள்ளே வரும்போது' என்று எழுதிக்கொள்வதற்காக. அண்ணன் அறுபத்து மூன்று பாட்டுகளில் ஆட்களின் பெயரை எழுதியிருந்தார். 'பழனியப்பன் மாமா வந்தா போடாதே.' 'மணியம்மா இருந்தா வேணாம்.' 'பாஞ்சாலை அக்கா. எப்பவும் போடக்கூடாது.'

"இது என்னாண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தொழில் ரகசியம் லா." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "பாஞ்சாலை அக்கா வீட்டுக்காரரு, மகேஸ்வரன் அண்ணன், முட்டகோஸ் ஏத்துற லோரி ஓட்டுனாருல்ல. தெர்லா வளைவுல லோரி பெரண்ட அன்னிக்கி நானும் ஓடுனேன். லோரி அவரு மேல கெடக்கு. உள்ள பாட்டு மட்டும் நிக்கல. அதே பாட்டு, திரும்பத் திரும்ப. அக்கா வெறுங்கையால லோரியத் தூக்கப் பாத்துச்சு. கிரேன் வர ரெண்டு மணி நேரம். அந்தப் பாட்ட அது காதுபட எவனாச்சும் போடுவானா?"

"நீங்க போடுறதில்லன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்?"

அன்று மாலை நாற்பத்தொன்றாவது குறிப்புக்கு வந்தேன். 'குமுதா. அவ அப்பா பாட்டு. போடாதே.'

அப்பா நான்கு வருடத்துக்கு முன் கோயில் விருந்தில் ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். தலை என் மடியில் இருந்தது. அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அழவில்லை. சுடுகாட்டுக்கு எடுத்துப் போனபோதும் அழவில்லை. அதிர்ச்சி, பிறகு அழுவாள் என்றார்கள். பிறகும் அழவில்லை. குறிப்பைப் பார்த்ததும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டேன். ஏழு முறை கேட்டேன். நாடித் துடிப்பு எழுபத்திரண்டிலேயே இருந்தது.

ஆக, இரண்டில் ஒன்று. அண்ணனின் குறிப்புகள் தவறு, அல்லது நான் தவறு. இதை அப்படியே விட்டுவிட முடியாது என்பது உங்களுக்கும் புரியும்.

டிஸ்க்கைச் சரிசெய்த பிறகு அண்ணன் என்னை விசேஷங்களுக்குக் கூட்டிப் போனார். புது வரிசை எனக்குத்தான் தெரியும். பந்தி தொடங்கியதும் அவர் 'சாப்பாட்டு லிஸ்ட்' ஒன்றை ஓடவிட்டுச் சாப்பிடப் போவார். அது தானாக ஓடும். நான் லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட வராது.

முதலில் பழனியப்பன் மாமா. பேத்தியின் பிறந்தநாள் விருந்து. கோழிக் காலைக் கடித்தபடி என்னிடம் வந்து, "டிகிரி வாங்குனது பாட்டு எண்ணவா, மா? எஸ்டேட்ல தேயிலக் கொழுந்து எண்ணவும் ஆள் இல்லையாம், ஆபீஸ் கிராணியக் கேட்டுச் சொல்லவா?" என்றார். பக்கத்து மேசை சிரித்தது. அப்போது நான் லிஸ்ட்டில் செருகியிருந்த அவர் பாட்டு ஆரம்பித்தது. கோழிக் காலைத் தட்டில் வைத்தார். வெளியே போய், கேக் வெட்டி முடியும்வரை காரில் உட்கார்ந்திருந்தார். நோட்டில் 'ஆம்' என்று குறித்தேன்.

அடுத்தது மணியம்மா. "அய்யோ, செத்துப்போன எங்கக்கா பாட்டு!" என்று எழுந்து ஆடினார். 'இல்லை' என்று குறித்தேன்.

ஒன்று ஆம், ஒன்று இல்லை. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பாஞ்சாலை அக்காவின் மகள் அன்பரசியின் கல்யாணம் பிரிஞ்சாங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பாட்டைச் சாப்பாட்டு லிஸ்ட்டில் ஒன்பதாவதாக வைத்தேன். குறிப்பு இருந்தால் அண்ணன் கண்ணில் படும். அதனால் அதை அழித்தேன். நான் கைதவறி அழித்ததாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

அக்கா பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியதும் வாளியைக் கீழே வைத்தார். நேராக மேடைப் பக்கம் நடந்து வந்தார். அங்கே ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. கீழ்ப்பெட்டியின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார். ஆடுகிறார் என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டினார்கள். "சம்பந்தியம்மா கெளம்பிட்டாங்கடோய்!" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கத்தினார். இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள்.

அக்கா சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. "தூக்குங்க. உள்ள இருக்காரு. யாராச்சும் ஒரு கை குடுங்க."

திரையில் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. என் விரல் பட்டன்மேல் இருந்தது. நிறுத்தியிருந்தால் அவர் நின்றிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனால் பாதியில் நிறுத்தினால் முடிவும் பாதிதான். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அண்ணன் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். "நிறுத்து, குமுதா! நிறுத்து!" நான் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் அப்படி ஆகியிருக்க வேண்டும், நான்கு வருடத்துக்கு முன்பு.

மூன்று முப்பத்தொன்றில் மேல்பெட்டி விழுந்தது. நாற்பத்திரண்டு கிலோ. பாட்டு நான்கு பன்னிரண்டில் முடிந்தது. அடுத்து இருந்தது ஒரு குத்துப்பாட்டு. அந்த நேரத்துக்கு அது சரியாக இருக்காது என்று உடனே நிறுத்திவிட்டேன்.

தானே மறந்துபோய்ப் பாட்டை லிஸ்ட்டில் வைத்துவிட்டதாகவும், பெட்டியையும் தான் சரியாகக் கட்டவில்லை என்றும் அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது பொய். பெட்டியைக் கட்டித்தான் இருந்தார். வார் அறுந்ததை நான் பார்த்தேன். பாட்டையும் அவர் மறக்கவில்லை. லோரி புரண்ட பிறகு இந்த ஏழு வருடத்தில் ஒரு முறைகூட மறக்கவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இதோ அந்த முதல் பிரதி. இதில் அறுபத்து மூன்று குறிப்புகளும் அப்படியே இருக்கின்றன, தேதியோடு. லேப்டாப்பில் இருப்பதோடு ஒப்பிட்டால் நான் எதை, எந்த நாளில், எத்தனை மணிக்கு அழித்தேன் என்று தெரியும். பாஞ்சாலை அக்காவை நான்தான் கொன்றேன். வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இன்று காலைகூட நாடி எழுபத்திரண்டுதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சந்தேகம் இருந்தால் அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள், சார். என்னை வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகு போடுங்கள். கதவைச் சாத்திவிட்டு.