ஈரத்தில் ஓடியவள்

– இடது கையில மாவுக்கட்டு போட்டிருக்கீங்க, அதனால பொறுமையாக் கேக்குறேன் சிஸ்டர். தரையில சோப்புத் தண்ணிய அப்படியே விட்டுட்டேன்னு என் மேல புகார் எழுதிக் குடுத்தீங்களா?

– குடுத்தேன். வழுக்கித்தானே விழுந்தேன்?

– சோப்பு இல்ல, வெறும் தண்ணி. 'ஈரம்'னு பலகையும் வச்சிருந்தேன்...

– பலகை வச்சா வழுக்காதா?

– மெதுவா நடந்தா வழுக்காது. பதினோரு வருஷமா இந்த வார்டத் துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?

– ஈரம்னா ஈரம்தான். மெதுவாப் போனா என்ன, வேகமாப் போனா என்ன?

– அங்கதான் இருக்கு. மெல்ல மிதிச்சா செருப்பு தண்ணிய ஓரமாத் தள்ளிட்டு தரையப் புடிச்சுக்கும். ஓடுனா தள்றதுக்கு நேரம் ஏது? செருப்பு தண்ணி மேலயே போயிடும். கீழ தரை இருந்து என்ன பிரயோஜனம்?

– எனக்கே பாடம் எடுக்கிறியா நீ?

– நீயா? நேத்து வரைக்கும் அக்கா...

– சரி... அக்கா. தலை வலிக்குது. போங்க.

– போகத்தான் போறேன். நாளையிலிருந்து வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்.

– உங்கள வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நான் எழுதல.

– நீங்க எழுதினதுக்கு வேற என்ன பண்ணுவாங்க, மாலை போடுவாங்களா?

– நான் விழுந்தத மட்டுந்தான் எழுதினேன்.

– அதே ஈரத்துல மருந்துத் தட்டத் தூக்கிட்டு ரெண்டு தரம் போனீங்க. விழலியே. மூணாவது தரம் ஏன் ஓடுனீங்க?

– அவசரம்.

– என்ன அவசரம்?

– யாரோ கூப்பிட்டாங்க.

– பொய். வாசல்லதான் நின்னேன், ஒரு குரலும் கேக்கல.

– கத்தாதீங்கக்கா, வெளிய கேக்கும்.

– கேக்கட்டும். ஆறாம் படுக்கைப் பெரியவர் எப்படி இருக்காரு?

– ...அவர எதுக்கு இழுக்குறீங்க?

– ஏழாம் படுக்கைக்குப் போட வேண்டிய மருந்து அவருக்கு ஏறுச்சே, அதுக்குத்தான்.

– அக்கா... சத்தியமா, ஞாபகம் வந்த உடனே ஓடி வந்தேன். நல்லவேளை, டிரிப்ஸ யாரோ நிறுத்தியிருந்தாங்க. இல்லன்னா...

– யாரோ இல்ல, நான். கீழ கிடந்து 'ஆறு, ஆறு, நிறுத்து, அது ஏழுக்கு'ன்னு முனகுனீங்க. துடைக்கிற மாப்பப் போட்டுட்டுப் போய் அந்த டிரிப்ஸ் குழாயில இருக்குற சக்கரத்த உருட்டி அடைச்சேன். உங்க வேலை போயிடுமேன்னு இந்த நிமிஷம் வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீங்க பேனாவ எடுத்து என் பேர எழுதுனீங்க.