மேலாளருக்கு ஒன்றை அழுத்தவும்

— இருக்கறதே ரெண்டு பேரு, எதுக்கு மேடம் அஞ்சு பிரிவு? தப்பா நினைக்காதீங்க, கேட்கணும்னு தோணுச்சு.

— ஃபோன் மாட்ட வந்தீங்களா, ஜனத்தொகை எடுக்க வந்தீங்களா அண்ணே? மேலாளர், கணக்கு, தரம், புகார், பணியாளர் நலன். அஞ்சு. எழுதிக்கோங்க.

— எழுதியாச்சு. மேலாளர் யாரு?

— நான்.

— கணக்கு?

— அடுப்படில பாத்திரம் தேய்க்கறாரே என் வீட்டுக்காரர், அவரு.

— தரம்?

— அதுவும் நான்தான்.

— புகார்?

— அதுவும் அவருதான். குரலைக் கொஞ்சம் கட்டையாக்கிக்குவார்.

— சரி, பணியாளர் நலனுக்கு யார் எடுப்பாங்க?

— யாரும் எடுக்க மாட்டோம். அடிச்சு ஓயட்டும். எந்தப் பெரிய கம்பெனில அந்தப் பிரிவு ஃபோனை எடுத்திருக்காங்க?

— முதலாளியம்மா! இந்த அடுப்படி ஃபோன் தானா திறந்துக்கிச்சு! நான் தொடவே இல்ல, கையெல்லாம் சோப்பு!

— பயப்படாதீங்க சார், நான்தான் இங்கிருந்து அடிச்சேன். இன்டர்காம்னா அப்படித்தான், எடுக்க வேண்டாம், தானா திறந்துக்கும். நின்ன இடத்துல இருந்தே பேசுங்க.

— பேசறேன் அண்ணே! கேட்குதா?

— ஃபோன் இல்லாமலே கேட்குதுங்க. கையைத் துடைச்சுக்கிட்டு இங்க வாங்க, அண்ணன் வெளி லைன் போட்டுக் காட்டப் போறார்.

— வந்துட்டேன், வந்துட்டேன். அடேங்கப்பா! மேஜை மேல நாலு ஃபோன்! நேத்து வரைக்கும் இது துணி மடிக்கற ரூம்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?

— தெரிஞ்ச நம்பர் ஒண்ணு குடுங்க மேடம். குரல் உடையுதா, எதிரொலி வருதான்னு பார்த்துடறேன்.

— நம்ம பெரிய கஸ்டமருக்கே அடிங்க. இந்தாங்க நம்பர். ரெண்டு வருஷமா வெறும் மெயில்தான், ஃபோன் நம்பர் குடுங்கன்னு நச்சரிச்சு நச்சரிச்சு போன வாரம்தான் குடுத்தாங்க.

— அப்படி என்ன வேலை மேடம் அவங்களோடது?

— வீடு வீடாப் போய் ஜனங்ககிட்ட கருத்து கேட்கற கம்பெனி அண்ணே. என்ன சோப்பு வாங்கறீங்க, வீட்டுல எத்தனை பேரு, குறை ஏதாவது உண்டா, அந்த மாதிரி. கையால எழுதின ஃபாரம் கட்டுக் கட்டா பார்சல்ல வரும். நாங்க அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பணும். விளம்பரம் குடுத்த மூணாம் நாள் வந்த முதல் வேலை. அவங்களை நம்பித்தான் இவர் வேலையை விட்டார், நானும் விட்டேன்.

— அவங்களுக்குத் தெரியாதுல்ல, இங்க ரெண்டே பேருதான்னு?

— உஷ்! அதுக்குத்தானே அண்ணே இந்த அஞ்சு பிரிவு.

— சரி, ஸ்பீக்கர்ல போடறேன். ரிங் போகுது.

— "வணக்கம். எங்கள் ஆய்வு நிறுவனத்தை அழைத்தமைக்கு மிக்க நன்றி. மேலாளருக்கு ஒன்றை அழுத்தவும். கணக்குப் பிரிவுக்கு இரண்டை அழுத்தவும். களப்பணியாளர்களுக்கு மூன்றை..."

— பார்த்தீங்களா, என்ன கம்பீரம்! நமக்கும் இதே மாதிரி வேணும் அண்ணே. அண்ணே? என்னங்க, இவருக்கு மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?

— மேடம், இது என் குரல்.

— என்னது?

— என் குரல் மேடம். போன மாசம் நான் பேசிப் பதிஞ்சது. "மிக்க நன்றி"ல மூக்கு அடைச்ச மாதிரி இருக்கு பாருங்க, அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்.

— அட, அப்போ அவங்க ஆபீசுக்கு ஃபோன் மாட்டினது நீங்கதானா அண்ணே? சொல்லவே இல்லையே! எத்தனை மாடி? எத்தனை பேரு? ஏசி எல்லாம் ஓடுதா?

— கட் பண்ணிடறேன் சார். நாம நம்ம வேலையைப் பார்ப்போம்.

— ஏன் அண்ணே பேச்சை மாத்தறீங்க?

— தப்பா நினைக்காதீங்க மேடம். ஒரு வாடிக்கையாளர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்றது தொழிலுக்கு அழகில்ல.

— அண்ணே, எங்க பொழைப்பே அந்தக் கம்பெனிதான். மூடப் போறாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க.

— ஆபீஸ் இல்ல மேடம். வீடு.

— வீடா?

— ஒரு பழைய வீடு. முன் ரூம்ல ஒரு மேஜை, மூணு ஃபோன். ஒண்ணு மேலாளர், ஒண்ணு கணக்கு, ஒண்ணு களப்பணியாளர். ஒரே ஆள்தான். வயசானவர்.

— ஐயையோ! நம்மளை மாதிரியே இன்னொரு கூட்டமா? முதலாளியம்மா, நாம ஊரை ஏமாத்தறோம்னு பார்த்தா, நம்மளை ஒருத்தர் மொத்தமா ஏமாத்தியிருக்காரே!

— சிரிக்காதீங்க! ஒரே ஆளா அத்தனை வீடு ஏறி இறங்கறார்? மாசம் நானூறு ஃபாரம் வருது அண்ணே.

— எங்கயும் ஏறலை மேடம். அவரேதான் எழுதறார்.

— எழுதறார்னா?

— நான் ஒயர் இழுத்துக்கிட்டே பார்த்தேன். ஒரு டப்பா நிறைய பேனா. நீலத்துல ஒண்ணு எழுதறார், கறுப்புல ஒண்ணு, அப்புறம் பேனாவை இடது கைக்கு மாத்தி ஒண்ணு. என்ன சார் பண்றீங்கன்னு கேட்டுட்டேன், வாய் சும்மா இருக்காதே. "எல்லாம் ஒரே ஆள் எழுதின மாதிரி தெரியக் கூடாது"ன்னார்.

— இருங்க, அந்தக் கட்டு எங்கே, நேத்து வந்தது? இதோ. "வயது முப்பத்தெட்டு. வீட்டில் ஆறு பேர். சோப்பு சீக்கிரம் கரைந்துவிடுகிறது." அப்போ இந்தப் பொம்பளையே கிடையாதா?

— கிடையாதுங்க.

— "வயது எழுபது. துணி துவைக்க மருமகன் உதவுகிறார்." இந்த மருமகனும் கிடையாதா? இவரை வச்சு உன்கிட்ட எத்தனை பேச்சு வாங்கியிருக்கேன் நான்! ரெண்டு வருஷமா இல்லாத ஜனங்களுக்கா கண் விழிச்சு டைப் அடிச்சோம்? யாரு அண்ணே அந்தக் கிறுக்கன்? எதுக்கு இதுக்குப் போய் மாசாமாசம் பணம் அனுப்பறான்?

— கிறுக்கு இல்ல சார். ரொம்பக் கறார். பத்து மணிக்கு வரச் சொன்னார், நான் சரியா பத்துக்குப் போறேன், வாசல்லயே நின்னுட்டு "பத்து நிமிஷம் லேட்"ங்கறார். உள்ள பார்த்தா சுவர்க் கடிகாரம் பத்து பத்து காட்டுது. முன்னாடி ஓடுது சார், மாத்தி வைங்கன்னேன். அதுக்கு ஒரு பதில் சொன்னார் பாருங்க...

— "கடிகாரம் சரியாத்தான் இருக்கு. உலகம்தான் சோம்பேறி."

— அதேதான் மேடம்! அப்படியே சொன்னார்! உங்களுக்கு எப்படி...

— வாசல் கேட்டுல தாழ்ப்பாள் இருக்காது. கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கும். சரியா?

— சரிதான். கையைக் கூடக் கிழிச்சுது.

— ஏய், என்ன ஆச்சு உனக்கு? உட்காரு முதல்ல. தண்ணி குடி. யாரு அது?

— எங்கப்பா.

— உங்கப்பாவா! என்னை வாசலோட அனுப்பின உங்கப்பாவா?

— வேற எத்தனை அப்பா எனக்கு? நான் பிறந்த ஊர்ல இருந்தே வேலை வருதுன்னு பெருமைப்பட்டேனே! தபால் பெட்டி எண்ணை மட்டும் போட்டு முகவரி குடுக்காதப்பவே உறைச்சிருக்க வேண்டாமா எனக்கு? மானமே போச்சுங்க.

— மேடம், நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க.

— நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே? ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, இவரைக் கட்டிக்கறேன்னதுக்கு, "நாலு மாசத்துல சோத்துக்கு என் வாசல்ல வந்து நிப்பே"ன்னார் அந்த மனுஷன். உங்க சோத்துல ஒரு பருக்கை கூட இனிமே என் தொண்டைல இறங்காதுன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம் பேச்சே கிடையாது. அந்த ஒரு வார்த்தையைக் காப்பாத்தணும்னுதான் ராப்பகலா உழைச்சேன். கடைசில பார்த்தா ரெண்டு வருஷமா தின்னதெல்லாம் அவர் போட்ட சோறு!

— உழைச்சுத்தானே தின்னோம்?

— எதுக்கு உழைச்சோம்? இல்லாத சோப்புக்கு! அண்ணே, அந்த வீட்டுல ஒரு அம்மா இருப்பாங்களே, ஒல்லியா, உங்களுக்குத் தண்ணி கொண்டு வந்து குடுத்திருப்பாங்களே?

— தண்ணி அவரே கொண்டு வந்தார் மேடம். டீ கூட அவரேதான் போட்டார். சர்க்கரைதான் ஒரேயடியாப் போட்டுட்டார்.

— டீ போட்டாரா? எங்கப்பாவா? அடுப்பு எந்தப் பக்கம் எரியும்னு தெரியாது அவருக்கு!

— வயசாச்சுல்ல, மாறியிருப்பார்.

— மாறலை. என் கிட்ட ஜெயிக்கணும்னு ரெண்டு கையால எழுதற ஆளுக்கு மாற எங்க நேரம்? அண்ணே, மறுபடியும் அடிங்க. ஒண்ணை அமுக்கினா அவர் எடுப்பாரா?

— ஒண்ணு, ரெண்டு, மூணு எதை அமுக்கினாலும் "செய்தியைச் சொல்லுங்கள்"னுதான் வரும். அப்படித்தான் வைக்கச் சொன்னார். உங்க குரலையே பதிஞ்சுடலாம் சார்னு எவ்வளவோ சொன்னேன், "என் குரல் வேண்டவே வேண்டாம்"னுட்டார்.

— வேற வழி?

— நான் டெஸ்ட் பண்றதுக்குன்னு ஒன்பதை நேரா மேஜை ஃபோனுக்கு வச்சேன். எடுத்துட்டேனான்னு ஞாபகம் இல்ல.

— அடிங்க.

— முதலாளியம்மா, கொஞ்சம் யோசி. இந்த வேலை போச்சுன்னா நாம நடுத்தெருவுலதான் நிக்கணும். வாடகை, இந்த ஃபோன், எல்லாத்துக்கும் அதுதான்.

— நடுத்தெருவுலயே நிப்போம். அவர் வாசல்ல நிக்கறதுக்கு அது மேல். அடிங்க அண்ணே.

— ரிங் போகுது மேடம். என் குரல் வந்ததும் ஒன்பது அமுக்கிட்டேன். போகுது... எடுத்துட்டார்.

— வணக்கம். ஆய்வு நிறுவனம்.

— மேலாளரா?

— ஆமா. யாரு?

— உங்களுக்கு டைப் அடிக்கற கம்பெனில இருந்து.

— ஏதாவது சொல்லணும்னா மெயில்ல அனுப்புங்க மேடம். இங்க எல்லாரும் வேலையா இருக்காங்க.

— ஒண்ணே ஒண்ணு கேட்கணும் சார். உங்க கடிகாரத்துல இப்ப மணி என்ன?

— பதினொண்ணு பத்து.

— என் கடிகாரத்துல பதினொண்ணுதான்ப்பா.

— டப்பா கவிழ்ந்த சத்தம் கேட்குதே! வச்சுட்டாரா அண்ணே?

— வைக்கலை சார். லைன் இருக்கு. பேனாவெல்லாம் உருளுது பாருங்க.

— பேசுங்கப்பா! ஜெயிச்சுட்டீங்கல்ல? சோத்துக்கு வாசலுக்கு வருவேன்னீங்க, வரலைன்னதும் சோத்தைப் பார்சல் கட்டி அனுப்பினீங்களா? ஒவ்வொரு கட்டையும் பிரிக்கறப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நம்மளையும் மதிச்சு ஒருத்தன் வேலை தர்றான்னு நினைச்சேனே! வேண்டாம். இந்த மாசத்தோட எல்லாத்தையும் நிறுத்திக்கறேன்.

— நிறுத்திடாதே பாப்பா.

— பாப்பான்னு கூப்பிடாதீங்க!

— சரி, கூப்பிடலை. வேலையை மட்டும் நிறுத்திடாதே. இந்த ஃபோன் வாங்கினதே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான். வாங்கி வச்சப்புறம் வாய் வரலை.

— என்ன சொல்லணும்? எனக்குப் பிச்சை போட்டதைச் சொல்லணுமா?

— நான் போடலைம்மா. இது இந்த வீட்டுல நடக்குதுன்னே முதல்ல எனக்குத் தெரியாது. நான் சேர்ந்தே எட்டு மாசம்தான் ஆகுது.

— சேர்ந்தீங்களா? எதுல சேர்ந்தீங்க?

— கம்பெனில. ஆரம்பிச்சது உங்கம்மா. என் கிட்ட மூச்சு விடலை. நான் தூங்கினப்புறம் எழுதியிருக்கா, பார்சலைக் கட்டி அவளே தூக்கிட்டுப் போயிருக்கா.

— அம்மாவா? என் அம்மாவா இத்தனையும் செஞ்சாங்க? அப்பா, நீங்க தள்ளுங்க. ஃபோனை அம்மாகிட்ட குடுங்க. அம்மா பக்கத்துலதானே இருக்காங்க? குடுங்கப்பா. உங்களைத்தான் கேட்கறேன், அம்மா எங்கே?

— அவ பாதி எழுதின ஃபாரம் மேஜை மேல அப்படியே இருந்துது பாப்பா. அடக்கம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதும், மீதியை நான் எழுதி உனக்கு அனுப்பினேன்.