பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

அரைமணி நேரம் பேசச் சொல்லிவிட்டு இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அவைத்தலைவர் அவர்களே! அறிவூட்டி ஆளாக்கிய ஆசிரியப் பெருமக்களே! அனுபவத்தால் உயர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பள்ளியை முடித்துவிட்டுப் பறக்கத் துடிக்கும் மாணவச் செல்வங்களே! மருந்துக்கடை நடத்தும் இந்த எளியவளின் வணக்கம்.

நல்ல கல்லூரி எது என்று பேசச் சொன்னார்கள். நான் கேட்கிறேன், யாருக்கு நல்ல கல்லூரி? என் கடைக்கு வந்து, "நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க" என்றால் கொடுத்துவிடுவேனா? யாருக்கு, என்ன தொந்தரவு என்று கேட்க மாட்டேனா?

என் அக்கா மகளுக்குத் தொந்தரவு, ஆசை! எறும்பைக் கண்டால் தரையில் படுத்துவிடுவாள். ரேடியோவைக் கண்டால் கழற்றிவிடுவாள். கணக்கென்றால் கண் மலரும். தாளமோ, மேசை, தட்டு, என் முதுகு, எது கிடைத்தாலும் தட்டுவாள். அவளுடைய அப்பா, என் அத்தான், கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். அத்தான், குனிந்தாலும் விடமாட்டேன்!

பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருடம் அதை மிதித்து மிதித்து, வீட்டில் யாராவது வேகமாகப் பேசினாலே அவர் கால் தரையை அழுத்தும். பின்வரிசையில் சிரிக்கும் அம்மா, நம்பாவிட்டால் என் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்!

கல்லூரி பார்க்கப் புறப்பட்டோம். அக்காவுக்கு வேலை, காவலுக்கு நான். முதலில் போனது பேர்பெற்ற கல்லூரி. பளிங்குத் தரை, பளபளக்கும் படிக்கட்டு. "ஒரு பாடம் சொல்லுங்க. கடைசிவரைக்கும் அதேதான், மாத்த முடியாது" என்றார் அலுவலர். "நேர் ரோடு! இதான் நமக்கு" என்று அத்தானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் வீடு திரும்பும் வரை அந்தப் பெண் எதையும் தட்டவில்லை. என் முதுகைக்கூடத் தட்டவில்லை! ஆசையை அடக்குவதா கல்வி? அறிவை அடைப்பதா கல்லூரி?

மறுநாள் இன்னொன்றையும் பார்த்துவிடலாம் என்று அத்தானை இழுத்துக்கொண்டு போனேன். சின்னக் கல்லூரி, சுண்ணாம்பு உதிரும் சுவர். பேராசிரியை, "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றார். அவ்வளவுதான்! எறும்பில் தொடங்கினாள், ரேடியோவில் திரும்பினாள், கணக்கில் பறந்தாள். தாளத்துக்கு வரும்போது மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பேராசிரியையின் அலறல்.

"ஐயோ! சார், அது என் காலு!"

அத்தான் வெலவெலத்துப் போனார். "மன்னிச்சுக்கங்க மேடம். பழக்க தோஷம். பக்கத்துல வேகம் எடுத்தா கால் தானா பிரேக் போட்டுடும்."

பேராசிரியைக்கு வலியிலும் சிரிப்பு. "உங்க பொண்ணு எது மேலயும் மோதலையே சார்? பேசிட்டுத்தானே இருக்கா!"

அந்தக் கல்லூரியில் முதல் வருடம் எந்தத் துறை வகுப்பிலும் உட்காரலாம். இரண்டாம் வருடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும், மற்றொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். "எறும்பு படிச்சுட்டு இசை வகுப்புக்கும் போலாமா?" என்றாள் இவள். "போலாம். ஆனா இசை காலைல ஏழு மணிக்கு. எழுந்திருப்பியா?" எங்கள் வீட்டு மேதை உடனே என் பக்கம் திரும்பி, "சித்தி, நீங்க எழுப்பி விடுவீங்களா?" என்றாள்!

மணியடிக்காதீர்கள் தலைவரே, வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்! பெற்றோரே, கல்லூரியின் பெயரைக் கேளுங்கள், கட்டணத்தையும் கேளுங்கள். கூடவே கேளுங்கள்: என் பிள்ளைக்கு அங்கே திரும்ப இடமுண்டா? திருத்திக்கொள்ள வழியுண்டா? தேடிப் பார்க்க நேரமுண்டா?

அன்று திரும்பும்போது பயிற்சி வண்டியை அவள்தான் ஓட்டினாள். பின்னால் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். அத்தானின் கால்கள் பிரேக்கின் மேல் இல்லை. இரண்டையும் மடக்கி, இருக்கையிலேயே சம்மணம் போட்டுக்கொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்! அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன.

"அப்பா, அந்தச் சின்னக் காலேஜ்லயே சேர்ந்துக்கவா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டும்மா," என்றார் அத்தான். "சேர்ந்துக்கோ."

கேட்ட செவிகளுக்கும், சிரித்த முகங்களுக்கும், அடி வாங்கியும் அசையாமல் அமர்ந்திருக்கும் என் அத்தானுக்கும் நன்றி! வணக்கம்!