எட்டில் ஒருத்தி

துணிக்கடைப் பொம்மைகளுக்கு முதலில் பழுதாவது மூக்குதான். சுடிதாரைத் தலைவழியாக உருவும்போது நுனி இடித்து உதிர்ந்துவிடும். சாக்பீஸ் தூளைக் கோந்தில் குழைத்து அடைத்து, மேலே கொஞ்சம் நகப்பூச்சு தடவினால் யாருக்கும் தெரியாது. மைசூர் சயாஜிராவ் ரோட்டில் நஞ்சுண்டசாமி ஜவுளி மாளிகையில் பதினோரு வருஷமாக இந்த மாதிரி வேலைகளைத்தான் செய்துவருகிறேன். என் பெயர் சுரேந்தர். கண்ணாடி ஷோகேஸ், காலண்டர், ரோட்டோர போர்டு, பேப்பர் விளம்பரம் எல்லாம் என் பொறுப்பு. இன்ஸ்பெக்டர் ஐயா என்னைச் சேல்ஸ்மேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதலில் வந்தவை அந்த ஏழு பொம்மைகள். அதற்கு முன் எங்கள் கடையில் இருந்தவை உள்ளூர் உருப்படிகள். இடுப்பு முப்பது அங்குலம் இருக்கும். முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் மாவாட்டிவிட்டு வந்த மாதிரி இருக்கும். தொண்ணூற்று நாலில் நம் நாட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒரே வருஷத்தில் உலகப் பட்டம் வாங்கினார்கள் அல்லவா, அதன் பிறகு ஊரே இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்தது. முப்பத்தாறு, இருபத்துநாலு, முப்பத்தாறு என்று காலேஜ் பையன்கள் பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொல்லித் திரிந்தார்கள். முதலாளி நஞ்சுண்டசாமி பழைய பொம்மைகளைக் குடோனுக்கு அனுப்பிவிட்டு, பம்பாயிலிருந்து புதிதாக ஏழு இறக்கினார். பாலாடை நிறம், நீளக் கழுத்து, இருபத்துமூன்று அங்குல இடுப்பு.

வாசலில் நிற்கும் பெண்கள் முதலில் புடவையைப் பார்ப்பார்கள். அப்புறம் பொம்மையைப் பார்ப்பார்கள். அப்புறம் கண்ணாடியில் மங்கலாகத் தெரியும் தங்களையே பார்ப்பார்கள். அந்த மூன்றாவது பார்வைக்குப் பிறகுதான் படியேறி உள்ளே வருவார்கள். விளக்குகளை நான் அதற்குத் தோதாகத்தான் மாட்டியிருந்தேன். இதை ஒரு குற்றம் என்று நீங்கள் எழுதினால் ஊரில் பாதிக் கடைக்காரர்களை உள்ளே போட வேண்டியிருக்கும்.

சாமியாத்தாள் எங்கள் கடையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துப் பெண். அப்பா கெம்பையன், ராகியும் கடலையும் போடுகிற விவசாயி. இங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கி வேலைக்கு வந்துபோனாள். நல்ல கருப்பு, நல்ல உருண்டை, நல்ல வாய். கடைக்கு இந்தப் பெயர் சரிப்படாது என்று ஜீவிதா என்று மாற்றி வைத்தேன். ஜீவிதா என்று கூப்பிட்டால் நாலாவது தடவைதான் திரும்புவாள்.

இந்த வருஷம் வைகாசியில் அவளைப் பெண் பார்க்க இங்கே மைசூர் ஹெப்பாளிலிருந்து ஒரு குடும்பம் ராமாபுரம் போயிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஃபாக்டரியில் வேலை. வீட்டுச் சுவரில் எங்கள் கடைக் காலண்டர் தொங்கியிருக்கிறது, இவளே கொண்டுபோய்க் கொடுத்தது. மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்து முடித்து, காலண்டரில் இருந்த பெண்ணைக் கைகாட்டி, இந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பெண் கொஞ்சம் இந்தப் பக்கமாக இருந்தால் தேவலை என்றாளாம். அதோடு சரி, பதிலே வரவில்லை. இதைச் சாமியாத்தாளே கடையில் நடித்துக்காட்டினாள், காபி உறிஞ்சும் சத்தம் உட்பட. எல்லோரும் சிரித்தோம். அந்தக் காலண்டரைப் போட்டவன் நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. படத்திலிருந்தவளின் இடுப்பை நெகட்டிவிலேயே இரண்டு பக்கமும் சுரண்டிக் குறுக்கியிருந்தோம். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. தொழில் என்று இருந்தால் நாலு விஷயம் வெளியே சொல்ல முடியாது.

ஆவணியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாசம் தசரா, அதற்கடுத்து பெங்களூரில் உலக அழகிப் போட்டி, பேப்பரைத் திறந்தால் இதே பேச்சு. "ஏன்ரீ சுரேந்தர், யானை பாக்க வர்ற ஜனம் நம்ம கடையையும் பாக்க வேண்டாமா? ஸ்வல்ப யோசனை பண்ணுங்க" என்றார். யோசித்தேன். தசராவுக்கு மைசூரில் வீட்டுக்கு வீடு பொம்மை அடுக்குகிறார்கள், நாமும் அடுக்கினால் என்ன என்று தோன்றியது. ஷோகேஸில் எட்டு பேர், கழுத்தில் எட்டு நம்பர். ஏழு பொம்மை, ஒன்று உயிருள்ள பெண். யார் அவள் என்று கூப்பனில் நம்பர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்கு விஜயதசமி மாலை ஆறு மணிக்குக் குலுக்கலில் பட்டுப்புடவை. முதலாளி எழுந்துவந்து என் முதுகில் தட்டினார்.

கடையில் ஒல்லியாக, சிவப்பாக இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒல்லியானவளை ஒல்லியாகக் காட்ட நான் எதற்கு? சாமியாத்தாள் தானாக வந்து கேட்டாள். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"அந்த ஹெப்பாள்க்காரங்க எப்புடியும் தசரா பாக்க வருவாங்கல்லங்ணா. அந்தக் கண்ணாடிக்குள்ளார என்னையப் பாத்துப்போட்டு, இது ஆருன்னு கேக்கோணும்" என்றாள்.

அவளுக்கு இடுப்பு முப்பது. தசராவுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. காலையில் மோர், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி அரைச் சப்பாத்தி என்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிந்ததும் எங்கள் டெய்லர் பழனி டேப் பிடிப்பான், நான் சுவரில் பென்சிலால் குறிப்பேன். முதல் இரண்டு வாரம் அவள் வாய் குறையவில்லை. "பொம்மைக்கு வவுறே இல்லீங்ளே, அது சோத்தை எங்க வெச்சுக்கும்? நானென்ன அப்புடியா?" என்று கேட்டுப் பழனியைச் சிரிக்க வைத்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து பேச்சும் குறைந்தது, இடுப்பும் குறைந்தது. ஒருமுறை மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, எப்படி இளைத்தாய் என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நவராத்திரிக்கு முதல் நாள் இருபத்தைந்தரை. இடுப்புவரை இறங்குகிற நீள ரவிக்கையை இருபத்துமூன்றுக்கு ஏற்றாற்போலத் தைக்கச் சொல்லியிருந்தேன். பழனி ஊசியைச் சட்டைக் காலரில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தான். "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுருக்கேண்ணா. பிரிச்சு விட்டுடட்டுமா?" என்றான். மற்ற ஏழு பேருக்கும் பிரித்து விடுவாயா என்று கேட்டேன். மூச்சை வெளியே விடச் சொல்லிக் கொக்கிகளை மாட்டினோம்.

மற்ற ஏற்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஆறாம் நம்பர். பொம்மைகள் பாலாடை நிறம் என்பதால் அவளுக்கு முகம், கழுத்து, கை எல்லாம் நாடக மேக்கப் பூசினேன், மூன்று பூச்சு. கண் சிமிட்டினால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எட்டு பேருக்கும் கூலிங் கிளாஸ் மாட்டினேன். காஞ்சிபுரம் பட்டும் கூலிங் கிளாஸும் சேர்ந்து அவ்வளவு நன்றாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை, பேப்பர்க்காரர்கள் வந்து படமெடுத்தார்கள். விசிறி வைத்தால் சவுரி முடி பறக்கும் என்பதால் வைக்கவில்லை. ஒரு தடவை ஏறினால் மூன்று மணி நேரம் இறங்க முடியாது என்பதால் காலையில் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மேலே ஆறு ஃபோகஸ் விளக்கு. தாங்க முடியாவிட்டால் இடது சுண்டுவிரலைத் தூக்க வேண்டும், நான் உடனே திரையை இழுத்துவிடுவேன் என்பது எங்களுக்குள் பேச்சு. ஒன்பது நாளில் ஒருமுறைகூட அவள் விரலைத் தூக்கவில்லை. என்னை ஏமாற்றக் கூடாது என்று நினைத்திருப்பாள், அப்படி ஒரு பொறுப்பு அவளுக்கு.

ஏழாம் நாள் கால் தள்ளாடியது. அதனால் நிற்க வேண்டாம் என்று ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். இதிலிருந்தே எனக்குக் கருணை இருந்தது தெரியும். உடம்பு சரியாமல் இருக்கப் புடவைக்கு உள்ளே நாற்காலியோடு சேர்த்து ஒரு பெல்ட் போட்டேன். தலை கவிழாமல் இருக்கச் சடையை நாற்காலி முதுகில் கட்டினேன். அந்தத் தோரணை முன்னைவிட எடுப்பாக இருந்தது, உட்கார்ந்த மாதிரிச் செய்த பொம்மை என்றே ஜனம் எடுத்துக்கொண்டது. ஹெப்பாள்க்காரர்கள் எட்டாம் நாள் வந்தார்கள் என்று அவள் சொன்னாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்களாம். மாப்பிள்ளையின் அம்மா மூன்றாம் நம்பரைக் காட்டி ஏதோ சொன்னாளாம், இவளைப் பார்க்கவே இல்லையாம். அன்றைக்கு அவள் சப்பாத்தியையும் வேண்டாம் என்றுவிட்டாள்.

விஜயதசமி. காலை பதினொரு மணிக்கே ரோடு நிரம்பிவிட்டது. ஊர்வலம் எங்கள் கடை வழியாகத்தான் போகும். மற்ற நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரையை இழுத்து அவளை வெளியே விடுவேன். அன்றைக்கு இழுக்கவில்லை, திரையை மூடினால் ஜனம் எதிர்க்கடைக்கு நகர்ந்துவிடும். நானும் வாசலில் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டே முக்கால் இருக்கும். பேண்டு சத்தம் கேட்டது, அம்பாரி யானை முனை திரும்புகிறது என்றார்கள். அப்போது ஆறாம் நம்பரின் இடது சுண்டுவிரல் எழுந்தது.

ஏன் அப்போதே திரையை இழுக்கவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நான் பார்க்கவில்லை என்று முதலில் சொன்னது உண்மையல்ல. பார்த்தேன். கூட்டம் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் மட்டும்தான் அவளைப் பார்த்தேன். அவளும் கறுப்புக் கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்திருக்க வேண்டும். இப்போது வேண்டாம் என்று தலையசைத்தேன். இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டினேன். விரல் சிறிது நேரம் அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

மூன்றரைக்குப் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். ஐந்தாம் நம்பரின் முந்தானையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, இவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். விளக்கின் அனல் தெரிந்தது, மூச்சு தெரியவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன், நாடியும் இல்லை. வெளியே யாரோ, ஆறாம் நம்பர் பொம்மைதான், பார் எப்படி மூக்கைத் தொடுகிறான் என்று கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் திரையை இழுத்து என்ன சொல்வது? இன்னும் இரண்டரை மணி நேரம்தான் இருந்தது. இனி அவளுக்கு விளக்கும் சுடாது, பசியும் எடுக்காது என்று எண்ணிக்கொண்டேன். கூலிங் கிளாஸ் சற்றுச் சரிந்திருந்தது, நேராக்கிவிட்டு வந்தேன். ஒன்பது நாளில் அவளுக்கு வராத நிதானம் அப்போதுதான் முகத்தில் வந்திருந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதே சமயம் வேலை சுத்தமாக அமைந்த திருப்தியும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நாலரை மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். தலையில் துண்டு, கையில் மஞ்சப்பை. கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம், நடந்தே வந்திருக்கிறார். கெம்பையன் என்று சொன்னார். மகள் கண்ணாடிக்குள் இருப்பதாகக் கடிதம் போட்டிருந்தாளாம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். பைக்குள் அவளுக்காகப் புதுக் கடலை இருந்தது. அவள் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருப்பதைச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக நடந்து பார்த்தார். திரும்பவும் நடந்து வந்தார். ஆறாம் நம்பருக்கு நேராக இரண்டு தடவை நின்றார். பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எம்புள்ளை கொஞ்சம் கருப்புங்க. நல்லா உருண்டையா இருக்குமுங்க. இதுல அப்புடி ஆருமில்லீங்ளே."

இருக்கிறாள், நீங்களே கண்டுபிடியுங்கள் என்று ஒரு கூப்பனும் பேனாவும் கொடுத்தேன். பெற்றவரே திணறுகிறார் என்றால் அதைவிட எனக்கு வேறு என்ன சர்ட்டிபிகேட் வேண்டும். அவர் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கூப்பனைச் சுவரில் வைத்து நிதானமாக எழுதி, பெட்டியில் போட்டார். பிறகு கடையின் படியில் உட்கார்ந்து, குலுக்கல் முடிந்து மகள் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தார்.

ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். நாலாயிரத்துச் சொச்சம் கூப்பன். ஆறு என்று எழுதியவர்கள் பதினொரு பேர். கெம்பையன் மூன்று என்று எழுதியிருந்தார். அவர் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது, அவருடைய சீட்டையும் குலுக்கலில் சேர்த்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் விடை தவறு, சேர்க்கவில்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, போட்டியில் மட்டும் நான் யாரையும் ஏமாற்றவில்லை.